மாற்றுத்திறனாளிகள் துக்க நாள் என்றால் என்ன, அது ஏன் தேவை?

குடும்பத்தாராலோ பராமரிப்பவராலோ கொல்லப்பட்ட மாற்றுத்திறனாளிகளின் பெயர்களை வாசித்து நினைவுகூரும் நாள் இது. மார்ச் 1-இல் நடக்கிறது. 2012-இல் கலிபோர்னியாவில் ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞரை அவருடைய தாயே சுட்டுக் கொன்றார். "பாவம், அந்தத் தாய் என்ன பாடுபட்டாளோ" என்ற பேச்சே மேலோங்கியது. அது பொறுக்காமல், தானும் ஆட்டிசம் உள்ளவரான ஸோயி க்ராஸ் முதல் அஞ்சலிக் கூட்டத்தை நடத்தினார்.

இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த் வீடுகளில் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகிறோம். படத்துக்கு விளக்கேற்றி, போனவரைப் பற்றித்தானே பேசுவோம்? வந்தவர்கள் எல்லாம் கொன்றவரின் கஷ்டத்தையே பேசிவிட்டு எழுந்தால் மனசு ஆறுமா? அதைத்தான் இவர்களுக்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு நெருக்கமான காயம், லைஃப் எசிடிமேனி என்ற மனநலப் பராமரிப்பு நிலையங்களில் இருந்தவர்களுக்கு நடந்தது. கௌடெங் மாகாணத்தில் 2016-இல் அங்கிருந்த மனநல நோயாளிகளை முறையான உரிமமில்லாத இல்லங்களுக்கு மாற்றினார்கள். யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. ஆனாலும் பசியிலும் கவனிப்பின்மையிலும் 144 பேர் போய்விட்டார்கள்.

அப்புறம், குடும்பத்தாரே இப்படிக் கொல்வதைக் 'கருணைக்கொலை' என்பவர்கள் உண்டு. அது தவறு: கருணைக்கொலை விவாதம் பெரும்பாலும் சாக விரும்பிக் கேட்பவரைப் பற்றியது, இவர்கள் யாரும் கேட்கவில்லை.