மலையில் பந்து ஏன் வெளியே போகிறது? – ராக்கெட் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகளுக்குப் 15 வயது. பள்ளிக்கூட அணியில் டென்னிஸ் விளையாடுகிறாள். பல மாதம் காசு சேர்த்துக் கொழும்பில் ஒரு ராக்கெட் வாங்கினோம். தலை 100 சதுர அங்குலம், எடை 300 கிராம். அங்கே ஒரு கோர்ட்டில் அடித்துப் பார்த்தபோது பந்து அழகாக உள்ளே விழுந்தது. நுவரெலியாவில் அதே அடி பின்கோட்டைத் தாண்டிப் போகிறது. ராக்கெட்டில் பழுதா? வேறு வாங்க வேண்டுமா? – ஹட்டன் வாசகர்

பதில்: வேறு வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ராக்கெட்டில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. காற்றுதான் மாறியிருக்கிறது.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பறக்கும் பந்தைத் தடுத்து வேகத்தைக் குறைப்பது காற்று. அது மெலிந்தால் பந்து நீளமாகப் போகும். டாப்ஸ்பின் (முன்பக்கமாக உருளும் சுழற்சி) போட்ட பந்தை வளைத்துக் கீழே இறக்குவதும் அதே காற்றுதான், அந்த வளைவும் இங்கே குறைகிறது. இரண்டும் சேரும்போது, கொழும்பில் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே விழுந்த அடி இங்கே வெளியே விழுகிறது. ஸ்பெயினின் மட்ரிட் சுமார் 650 மீட்டர் உயரந்தான். அங்கேயே பந்து நிற்காமல் ஓடுகிறது என்று பெரிய ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. நுவரெலியா அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயரம்.

இதில் இந்தக் காலத்து ராக்கெட்டின் குணமும் சேர்ந்துகொள்கிறது. பழைய மர ராக்கெட்டின் தலை 65, 70 சதுர அங்குலத்துக்குள் அடங்கும். அடிக்கும்போது சட்டம் வளைந்து பலத்தில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும். இப்போதைய கார்பன் சட்டம் உள்ளே கூடாக, விறைப்பாக இருக்கிறது. அதிகம் வளையாததால் நீங்கள் கொடுக்கும் பலத்தில் பெரும்பங்கு பந்துக்கே போகிறது. மகள் வைத்திருப்பது அந்த வகைதான். வளரும் பிள்ளைக்கு அது நல்ல அளவு. எடை கூடிய, பவர் குறைந்த ராக்கெட்டுக்கு மாற்றினால் பந்து உள்ளே விழலாம், ஆனால் கொழும்புப் போட்டிக்குப் போகும் நாளில் கை ஓய்ந்துவிடும்.

அப்போ என்ன செய்வது? முதலில் பந்தைப் பாருங்கள். சாதாரணப் பந்தின் உள்ளே காற்று அடைத்திருக்கும். வெளியே அழுத்தம் குறைந்தால் அது இன்னும் இறுகித் துள்ளும். அதனால்தான் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் விதிகளில் 1,219 மீட்டருக்கு மேல் விளையாட உயரத்துக்கென்றே தனிப் பந்து இருக்கிறது. நுவரெலியாவை விடுங்கள், சுமார் 1,270 மீட்டரில் இருக்கும் உங்கள் ஹட்டனே அந்தக் கோட்டுக்கு மேலேதான். வீட்டிலேயே சோதிக்கலாம். சுவரில் 254 சென்டிமீட்டரில் ஓர் அடையாளம் போட்டு, அங்கிருந்து பந்தைச் சீமெந்துத் தரையில் விடுங்கள். சாதாரணப் பந்து கடல் மட்டத்தில் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். அதைத் தாண்டி எழும்பினால் குற்றம் ராக்கெட்டில் இல்லை. பந்து வாங்கும்போது உயரத்துக்கான பந்து கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால், உள்ளே அழுத்தம் அடைக்காத பந்து பயிற்சிக்குப் போதும்.

அடுத்தது ஸ்ட்ரிங், அதாவது தலையில் வலையாகக் கட்டும் இழை. பெற்றோர் காசைச் சட்டத்தில் போட்டுவிட்டு ஸ்ட்ரிங்கைக் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது. பந்து தொடுவது ஸ்ட்ரிங்கை மட்டுந்தான், அதுவும் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரம். தளர்வாகக் கட்டியிருந்தால் பந்து உள்ளே அமுங்கிச் சற்று மேல்நோக்கிக் கிளம்பும். இறுக்கினால் தாழ்வாகக் கிளம்பும். வேகத்தில் வரும் வித்தியாசம் சொற்பம். கிளம்பும் கோணந்தான் பின்கோட்டில் ஓரடி, ஈரடியாக விரிகிறது. சட்டத்தில், கழுத்துப் பக்கம், எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை கட்டலாம் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். இப்போது கட்டியிருப்பதைவிட ஒரு கிலோ கூட்டி, அந்த எல்லைக்குள்ளேயே கட்டச் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரேயடியாக ஏற்ற வேண்டாம், முழங்கை நோகும்.

எந்த ஸ்ட்ரிங் என்றால், தொலைக்காட்சியில் பார்க்கும் பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பாலியெஸ்டரைக் கட்டுகிறார்கள். அது வழுக்கி விலகிச் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்புவதால் சுழற்சி கூடும். ஆனால் கைக்குக் கடினம், இறுக்கமும் சீக்கிரம் விட்டுப்போகும். 15 வயதுக்கு முழுப் பாலியெஸ்டர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நீளவாட்டில் பாலியெஸ்டர், குறுக்கே மென்மையான மல்டிஃபிலமென்ட் (பல நுண்ணிழைகள் சேர்ந்த ஸ்ட்ரிங்) என்று கலந்து கட்டலாம். கட்டிய திகதியையும் கிலோவையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி உறைக்குள் போட்டு வையுங்கள். அடுத்த முறை கூட்டுவதா குறைப்பதா என்று அந்தத் துண்டைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

இன்னொன்று, பனிமூட்டமான காலையிலோ மழை விட்ட கையோடோ அடித்துப் பார்த்து ராக்கெட்டைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். ஈரம் குடித்த பந்து கல்லாய்க் கனக்கும், குளிரில் துள்ளலும் குறையும். வெயில் ஏறிய பிறகு பாருங்கள்.

கேள்வி: பழைய ராக்கெட் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? – பண்டாரவளை வாசகர்

பதில்: வெளிச்சத்தில் வாங்குங்கள். தலையின் உள்விளிம்பில் ஸ்ட்ரிங் நுழையும் துளைகளைச் சுற்றி நகத்தால் மெதுவாக வருடிப் பாருங்கள். மயிரிழை போன்ற கோட்டில் நகம் தட்டினால் அது பெயின்ட் கீறலாகவும் இருக்கலாம், சட்டத்தின் வெடிப்பாகவும் இருக்கலாம். அந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். நெரிபடும் சத்தம் கேட்டால் வேண்டாம். விளிம்பில் காப்புக்காகப் போட்ட பிளாஸ்டிக் தேய்ந்து கார்பன் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

பிறகு பலசரக்குக் கடையின் எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பாருங்கள். சட்டத்தில் அச்சிட்ட எடை ஸ்ட்ரிங் இல்லாத எடை. ஸ்ட்ரிங்கோடு 15 முதல் 20 கிராம் வரை கூடும், கைப்பிடியில் மேலே ஒரு சுற்றுத் துணி இருந்தால் இன்னும் 5 கிராம். 300 என்று போட்ட ராக்கெட் 320 காட்டினால் சரி. 270 காட்டினால் அது அந்த ராக்கெட்டே இல்லை.

கேள்வி: புதிது என்று சொல்லி விற்ற ராக்கெட் ஒரு வாரத்தில் கழுத்தில் வெடித்தது. கடையில் பற்றுச்சீட்டும் தரவில்லை, மாற்றியும் தரவில்லை. – பதுளை வாசகர்

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. இப்போதே போய், திகதியும் ராக்கெட்டின் பெயரும் போட்டு எழுதித் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால், யார், எப்போது மறுத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வெடித்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுங்கள், ஸ்ட்ரிங்கை அறுக்காதீர்கள், ராக்கெட்டைக் கடையில் விட்டுவிட்டும் வராதீர்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். முதலில் அதன் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, எங்கே கொடுப்பது என்று கேளுங்கள்.