மும்பையில் சுற்றுலாக் கப்பல் காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணி வரை ஒரே ஒரு பகல் நிற்கும்போது, கோலாட் போய் குண்டலிகா ஆற்றில் ராஃப்டிங் (வேகமாக ஓடும் ஆற்றில் ரப்பர் படகில் போவது) செய்துவிட்டுத் திரும்ப முடியுமா?

முடியாது. நான் இதை முயன்று பார்த்து அசடு வழிந்தவன் என்பதால் ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கப்பல் காலை 7 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது என்று கேள்வியில் போட்டிருக்கிறீர்கள். பதினோரு மணி நேரம், கோலாட் சுமார் 120 கிலோமீட்டர், தாராளமாகப் போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எங்களுக்கும் அதே கணக்குதான். நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். 2024 மார்ச்சில் சிங்கப்பூரிலிருந்து என் சித்தி மகனும் அவன் மனைவியும் துபாய் போகிற கப்பலில் வந்தார்கள். "அண்ணா, எலிஃபெண்டா எல்லாம் வேணாம், குகையை நெட்லயே பாத்துக்கலாம், ஆத்துல படகு விடணும்" என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டான். கப்பல்காரர்கள் விற்கிற டூர் பட்டியலில் ராஃப்டிங் இல்லை. இத்தனையும் விற்கிறவர்கள் இதை மட்டும் ஏன் விற்கவில்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும், எங்கே யோசித்தோம்.

கப்பல் சொன்னபடி 7 மணிக்கு வந்தது. ஆனால் கப்பல் வருவது வேறு, ஆள் வெளியே வருவது வேறு. கொழும்புக்கு அடுத்து அவர்கள் இறங்கிய முதல் இந்தியத் துறைமுகம் இது, அதனால் இமிக்ரேஷன் முழுக்க இங்கேதான். ஆயிரக்கணக்கான பேர், ஒவ்வொருவராக கவுன்டரில் நின்று வர வேண்டும். துறைமுகத்துக்குள் நினைத்தபடி நடக்கவும் விடமாட்டார்கள், பேருந்தில் ஏற்றி கிரீன் கேட் என்கிற துறைமுக வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். நான் வண்டியோடு வெளியே மூன்று கட்டிங் சாய் குடித்து முடித்தபோது மணி 9.05.

அங்கிருந்து ஈஸ்டர்ன் ஃப்ரீவே, சிவ்ரியில் அடல் சேது என்கிற கடல் பாலம். அந்த வருடம் ஜனவரியில்தான் திறந்திருந்தார்கள், 21.8 கிலோமீட்டர், தம்பி வீடியோ எடுத்து முடிப்பதற்குள் கடலைத் தாண்டிவிட்டோம். பனவேல் பக்கம் வந்ததும் "பாத்தியா, பத்தரைக்கே முக்கால்வாசி வந்தாச்சு" என்று நான் வேறு பெருமை அடித்தேன். அப்புறம்தான் மும்பை-கோவா சாலை. 2011-லிருந்து அகலப்படுத்துகிறார்கள். பேண், வட்கள், நாகோட்டணே என்று ஊர் ஊராக லாரிக்குப் பின்னால் ஊர்ந்து கோலாடில் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர 12.10.

கரையில் ரப்பர் படகுகளைக் கவிழ்த்து காய வைத்திருந்தார்கள். ஒரு பையன் லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான், ஒவ்வொன்றிலிருந்தும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எங்களைப் பார்த்துவிட்டு அவன் சொன்னது ஒரே வரி: "பானி தோ நிகல் கயா, சாப்." தண்ணீர் போயாச்சு! ஆற்றைப் பார்த்தேன். கணுக்கால் அளவில் ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன, ஈரக்கோடு மட்டும் முழங்காலுக்கு மேலே இருந்தது.

குண்டலிகாவைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ராஃப்டிங் நடப்பது மழைத் தண்ணீரில் இல்லை, கரண்ட் எடுத்துவிட்டு விடுகிற தண்ணீரில். மலைக்கு மேலே முல்ஷி அணை, அந்தத் தண்ணீர் குழாய் வழியாக சஹ்யாத்ரியின் (மேற்குத் தொடர்ச்சி மலையின்) இந்தப் பக்கம் பீரா மின்நிலையத்துக்கு இறங்குகிறது. 1927-லிருந்து ஓடுகிற நிலையம், மும்பைக்குக் கரண்ட் தருவதற்காகவே கட்டியது. டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வருகிற தண்ணீரைத்தான் காலையில் ஆற்றில் விடுகிறார்கள், அந்த அலையின் மேல்தான் படகு போகிறது. அது கடந்துபோய்விட்டால் அன்றைக்கு ஆறு மூடியாச்சு. (இன்னொரு வேடிக்கை: முல்ஷியில் தேங்குவது மூலா நதி. விட்டிருந்தால் கிழக்கே ஓடி, பீமா, கிருஷ்ணா வழியாக வங்கக்கடலுக்குப் போயிருக்கும். மலையைத் தாண்டித் திருப்பிவிட்டதால் ரேவ்தண்டா பக்கம் அரபிக்கடலில் கலக்கிறது.)

ஆக நீங்கள் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் கப்பல் பயணிக்கு இந்த ஆறு கிடைக்காது. நீங்கள் கிரீன் கேட்டில் நிற்கிற நேரத்தில்தான் அங்கே படகு இறங்குகிறது. வண்டியையும் ஏற்றிக்கொள்கிற ரோ-ரோ ஃபெர்ரியில் கடலைத் தாண்டி மாண்ட்வா போய் அலிபாக் வழியாகப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். போகலாம், தண்ணீர் அதற்குள்ளும் போயிருக்கும்.

திரும்பி வந்த கதைதான் இன்னும் மோசம். வட்களில் ஒரு மணி நேரம் வண்டி நகரவில்லை. கப்பலின் டூரில் போய்த் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், நாமாகப் போய்த் தாமதமானால் அது பாட்டுக்குக் கிளம்பிவிடும், அடுத்த துறைமுகத்துக்கு நாமே டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர வேண்டியதுதான். அதுவும் 6 மணிக்குக் கிளம்பும் என்றால் 6 மணிக்குப் போய் நிற்பது இல்லை, அவர்களுக்கு 5.30-க்குள் உள்ளே வரச் சொல்லியிருந்தார்கள். போனில் ஒரு மணியும் கப்பல் கடிகாரத்தில் ஒரு மணியும் இருக்க வாய்ப்புண்டு, இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி மனைவி பின்சீட்டில் பாஸ்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு யாரிடமும் பேசவில்லை. கிரீன் கேட்டை அடைந்தபோது 5.10.

நான் அடுத்த வருடம் என் குடும்பத்தோடு சரியாகப் போய் வந்தேன். முந்தின நாளே போய் அங்கேயே தங்கி, காலை எட்டரைக்கெல்லாம் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கரையில் நின்றோம். 12 கிலோமீட்டருக்கு மேல் படகில், ராஃப்டிங்கில் சொல்கிற ஆறு கடினத் தரங்களில் பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் தர அலைகள்தான், பயப்பட ஒன்றுமில்லை. பாதத்தைப் படகின் காற்று மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு துடுப்பு போட வேண்டும், முதல் அலையில் முகத்தில் அடிக்கிற தண்ணீரில் காலைத் தூக்கம் மொத்தமும் போய்விடும். உங்கள் கப்பல் மும்பையில் ஒரு இரவு தங்குவதாக இருந்தால், வந்த அன்று சாயங்காலமே கோலாட் போய்விடுங்கள், மறுநாள் 11 மணிக்குத் திரும்பக் கிளம்பலாம். ஒரே பகல்தான் என்றால் பேசாமல் எலிஃபெண்டா தீவுக் குகைகள். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் ஒரு மணி நேரம், திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. கோவாவில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள், அங்கே மாதேயி ஆற்றில் ராஃப்டிங் நடப்பது மழைக்காலத்தில், அப்போது கப்பல் சீசனே கிடையாது.

தம்பிக்கு அன்றைய பயணத்தில் மிஞ்சியது பேணில் டிராஃபிக்கில் நின்றபோது இறங்கி ஓடி வாங்கிய ஒரு சாண் பிள்ளையார் மட்டும்தான். துபாய் வரை கப்பல் கேபினில் லைஃப் ஜாக்கெட் வைக்கிற தட்டில்தான் உட்கார்ந்து போனாராம்.