கோப்பு மூன்று முறை திரும்பியது, இப்போது பதிலே இல்லை

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முயல்கிறோம். இரு நாடுகளும் நாடுகளுக்கிடையேயான தத்தெடுப்புக்கான ஹேக் ஒப்பந்தத்தில் உள்ளவை. பெயர் ஒத்துவரவில்லை, காவல்துறைச் சான்று காலாவதி, அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல வைக்கும் சான்று முத்திரை) செல்லாது என்று எங்கள் கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. நான்காம் முறை ஏற்றுக்கொண்டு, குழந்தையின் விவர அறிக்கையை அனுப்பினார்கள். சம்மதம் என்று எழுதி நான்கு மாதம் ஆகிறது, ஒரு வரி பதில் இல்லை. குழந்தை இருக்கும் இல்லத்துக்கே எழுதிக் கேட்கலாமா? பணம் கொடுத்தால் விரைவில் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அவரை நம்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரண்டுமே வேண்டாம். 1993 மே 29-ல் உருவான அந்த ஒப்பந்தத்தின் 32-ஆம் பிரிவின்படி, செலவுகளும் நியாயமான தொழில்முறைக் கட்டணமும் தவிர யாரும் எதுவும் வாங்கக் கூடாது. ரசீது தராத ‘விரைவுக் கட்டணம்’ பின்னாளில் வெளியே வந்தால் தத்தெடுப்பே கேள்விக்குள்ளாகும். 29-ஆம் பிரிவு, குழந்தையின் பெற்றோரோடும் பராமரிப்பவரோடும் தொடர்பு வைப்பதற்கு, குறிப்பிட்ட நிபந்தனைகள் நிறைவேறும்வரை தடை போடுகிறது. உங்கள் வழக்கில் அவை நிறைவேறிவிட்டனவா என்பதை, இந்த ஒப்பந்தத்துக்காக நாடு நியமித்திருக்கும் மத்திய ஆணையம்தான் சொல்ல வேண்டும். நீங்களாக முடிவு செய்து எழுதினால், நல்லெண்ணத்தில் எழுதிய கடிதமே உங்களுக்கு எதிரான தாளாகக் கோப்பில் ஏறும்.

இனி அந்த நான்கு மாதத்துக்கு வருவோம். நீங்கள் சம்மதம் சொன்னதோடு வேலை முடிவதில்லை. 17-ஆம் பிரிவின்படி இரு நாடுகளின் மத்திய ஆணையங்களும் ‘இந்தத் தத்தெடுப்பு மேலே செல்லலாம்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை உங்கள் நாட்டுக்குள் வந்து நிரந்தரமாக வசிக்க அனுமதி உண்டு என்பதையும் உறுதி செய்ய வேண்டும். இந்த இரண்டாவது உறுதி உங்கள் நாடு தர வேண்டியது. குழந்தையின் நாட்டைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், தாள் உங்கள் குடியேற்றத் துறையின் மேசையில் கிடக்கக்கூடும். ஆகவே முதல் கடிதத்தை உங்கள் நாட்டு ஆணையத்துக்கு, அல்லது உங்களுக்காகச் செயல்படும் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு எழுதுங்கள்.

‘எங்கள் விஷயம் என்ன ஆயிற்று?’ என்று கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில்தான் வரும். கோப்பு எண், கடவுச்சீட்டில் உள்ளபடியே இருவர் பெயர், சம்மதக் கடிதம் அனுப்பிய தேதி ஆகியவற்றை முதல் வரியிலேயே போடுங்கள். பிறகு இரண்டே கேள்வி: ‘17-ஆம் பிரிவின் இ (c) உட்பிரிவின்படியான ஒப்புதலை இரு ஆணையங்களும் தந்துவிட்டனவா, எந்தத் தேதியில்? இல்லையென்றால் எந்த ஆவணத்துக்காக, யாரிடமிருந்து காத்திருக்கிறீர்கள்?’ இதற்கு யாராவது கோப்பைத் திறந்து பார்த்துத்தான் பதில் எழுத முடியும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு நினைவூட்டல் போதும். முந்தைய கடிதத்தையும் அதோடு இணையுங்கள். நாளொரு மின்னஞ்சல் அனுப்பினால் எதையுமே படிக்க மாட்டார்கள்.

காத்திருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கோப்பு ஏற்கப்பட்டதால் தாள்களின் கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, கைரேகை எல்லாம் குறுகிய ஆயுள் கொண்டவை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்களா என்று ஆராய்ந்து எழுதிய குடும்ப ஆய்வறிக்கைக்கும் கெடு உண்டு. சில நாடுகள் பிறப்புச் சான்றுக்கே அண்மையில் வாங்கிய நகல் கேட்கும். பல இடங்களில் தாள் நீங்கள் கொடுத்த நாளில் செல்லுபடியாக இருந்தால் போதாது, அதிகாரி எடுத்துப் பார்க்கும் நாளிலும் செல்லுபடியாக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆறு மாதச் சான்றுக்கு அப்போஸ்டில் மூன்று வாரம், மொழிபெயர்ப்பு மூன்று வாரம், தபால் ஒரு வாரம் என்று போனால், ஏழு வாரம் வழியிலேயே கரைந்துவிடும்.

ஒரே தாளில் அட்டவணை போடுங்கள்: ஆவணம், வழங்கிய நாள், காலாவதி நாள், புதுப்பிக்க ஆகும் வாரங்கள். கடைசி இரண்டையும் கழித்தால் எந்த நாளில் புதுப்பிக்கக் கிளம்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். இனி முழுத் தொகுப்பைத் திரட்ட நேர்ந்தால் நீண்ட ஆயுள் தாள்களை முதலிலும் காவல்துறைச் சான்றைக் கடைசியிலும் வாங்குங்கள். பெரும்பாலோர் சுலபமாகக் கிடைக்கிறதே என்று தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஆய்வறிக்கையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. எத்தனை குழந்தை, எந்த வயது, எப்படிப்பட்ட உடல்நிலை என்று அதில் வரம்பு போட்டிருக்கும். நான்கு வயது வரை என்றிருந்து, தாமதத்தில் குழந்தைக்கு ஐந்து வயதாகிவிட்டால் திருத்தம் வேண்டும். வீடு மாறினாலும், வேலை மாறினாலும், வீட்டில் புதிதாக ஒருவர் வந்து தங்கினாலும் ஆய்வு செய்தவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்போஸ்டில் என்பது 1961 அக்டோபர் 5-ல் உருவான வேறொரு ஹேக் உடன்படிக்கையின் முத்திரை. கையெழுத்தும் பதவியும் முத்திரையும் உண்மை என்று மட்டுமே அது சொல்லும், உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று சொல்லாது. அரசு ஆவணத்துக்குத்தான் அது கிடைக்கும். வங்கிக் கடிதம், முதலாளி தரும் வேலைச் சான்று, தனியார் மருத்துவரின் சான்று போன்றவற்றுக்கு முதலில் நோட்டரி, பிறகு அந்த நோட்டரியின் கையெழுத்துக்கு அப்போஸ்டில். செல்லாது என்று திருப்புவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்: மூலத்துக்குப் பதில் நகலில் வாங்கியது, அதிகாரமில்லாத அலுவலகத்தில் வாங்கியது, நகலெடுக்க ஸ்டேப்ளரைக் கழற்றி மறுபடி அடித்தது. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும், ஆனால் தாளைக் கெடுத்துவிடும். கழற்றாமல் மடித்தே ஸ்கேன் செய்யுங்கள். பழைய வழிகாட்டிகளையும் நம்பாதீர்கள். சீனாவில் 2023 நவம்பர் 7 முதலும் கனடாவில் 2024 ஜனவரி 11 முதலும்தான் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எழுதியவை தூதரகச் சான்றொப்பத்துக்குத்தான் அனுப்பிவைக்கும்.

மொழிபெயர்ப்பை அப்போஸ்டிலுக்கு முன் செய்வதா பின் செய்வதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போஸ்டில் தாளையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்லும் நாடுகள் உண்டு. மொழிபெயர்ப்பாளர் யாருடைய பட்டியலில் இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

பெயருக்குக் கடவுச்சீட்டே அளவுகோல். ஒரு சான்றில் முதலெழுத்து, இன்னொன்றில் முழுப்பெயர், மூன்றாவதில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால், திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். முடியாதவற்றுக்கு ‘இவை அனைத்தும் ஒருவரையே குறிக்கும்’ என்ற பிரமாணப் பத்திரம், எல்லா வடிவங்களையும் எழுத்துப் பிசகாமல் பட்டியலிட்டு, வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டு நகலைக் கொடுத்துவிடுங்கள், அவர் காதால் கேட்டு எழுத வேண்டாம். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 04/07 என்பது ஏப்ரலா ஜூலையா என்பது படிக்கும் நாட்டைப் பொறுத்தது.

பயணத்தைப் பற்றி ஒரு முக்கிய எச்சரிக்கை. இரு ஆணையங்களின் ஒப்புதலும் எழுத்தில் வரும்முன், ‘நீதிமன்றத்தில் தேதி கிடைத்துவிட்டது’ என்று யார் அவசரப்படுத்தினாலும் போகாதீர்கள். தத்து ஆணை கையில் இருந்தும் விசா கிடைக்காமல் குழந்தையோடு அங்கேயே மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ள நேரிடலாம். ஆணை வந்தாலும் மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின்தான் அது இறுதியாகும் நாடுகள் பல. திரும்பும் பயணத்துக்குத் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டே வாங்குங்கள்.

அங்கிருந்து கிளம்பும்முன், தத்தெடுப்பு ஒப்பந்தப்படியே நடந்தது என்று சொல்லும் 23-ஆம் பிரிவுச் சான்றிதழைக் கையில் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். மற்ற ஒப்பந்த நாடுகள் இந்தத் தத்தெடுப்பைத் தாமாகவே ஏற்பது இதை வைத்துத்தான். பெயர்கள், ஆணையின் தேதி, ஒப்புதல்களை யார் எப்போது தந்தார்கள் என்ற விவரம் எல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள். பெற்ற பெற்றோருடனான சட்ட உறவு முடிந்ததா இல்லையா என்ற வரியையும் பாருங்கள். முடியவில்லை என்றிருந்தால், உங்கள் நாட்டில் முழுத் தத்தாக மாற்ற 27-ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் அது தனி வழக்கு. ஊர் திரும்பிய பிறகு ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவது, இதுவரை நீங்கள் பட்ட பாட்டையெல்லாம் மறுபடி படுவதாகும்.

ஆணைக்கும் பிறப்புச் சான்றுக்கும் சான்றளித்த நகல்கள் குறைந்தது ஐந்து வாங்குங்கள். குடியுரிமை, பள்ளி, கடவுச்சீட்டு என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள். குழந்தையின் மருத்துவப் பதிவு, தடுப்பூசி அட்டை, அதன் பின்னணி அறிக்கை ஆகியவற்றின் நகலையும் அங்கிருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இந்தத் தகவல்களைக் காத்துவைப்பது அந்த நாட்டின் கடமைதான் என்று 30-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் பத்து வருடம் கழித்துக் குழந்தை கேட்கும்போது, இன்னொரு கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது எளிது.