மொட்டைமாடிக்குக் கீழே படுக்கையறை: 1 டன்னா, 1.5 டன்னா?

கேள்வி: திருச்சியில் முதல் மாடியில் வீடு, அதற்கு மேல் மொட்டைமாடி. 12க்கு 11 அடி படுக்கையறைக்கு 1 டன் ஏசி போதுமா, 1.5 டன் வேண்டுமா? ஏர் கூலரே போதும் என்கிறார் அப்பா. கடைக்காரரோ குளிரும் சூடும் இரண்டும் தரும் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ மாடலைக் காட்டுகிறார். எதை வாங்குவது?

பதில்:

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இன்று ராத்திரி பத்து மணிக்கு ஏணி போட்டு ஏறி, படுக்கையறை சீலிங்கை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். (ஃபேனை அணைத்துவிட்டுத்தான்!) இட்லிக் குண்டான் மூடியைத் தொட்டதுபோல் இருந்தால், நீங்கள் முதலில் செலவு செய்ய வேண்டிய இடம் ஏசி கடை இல்லை, மொட்டைமாடி.

நான் இதைத் தெரிந்துகொண்டது தாமதமாகத்தான். நானும் திருச்சிதான், உறையூர் பக்கம். கீழ்த்தளம் அப்பா கட்டியது, மாடி நான் எழுப்பியது. மாடிக்குக் குடிபோன முதல் கோடையில் 1 டன் ஏசி வாங்கினேன். அறை 120 சதுர அடி, கணக்குப்படி அதுவே போதும். ஆனால் ஒன்பது மணிக்குப் போட்டால் நள்ளிரவு தாண்டியும் 28 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. வாங்கிய கடையில் கேட்டேன். “மாடி வீடு சார், 2 டன் போட்டிருக்கணும். பழசைக் கொடுத்துட்டு மாத்திக்கோங்க” என்றார்கள். கிட்டத்தட்ட மாற்றவே போனேன்.

அதற்குள் சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் அண்ணன்தான் காப்பாற்றினார். ஏசியிலிருந்து வரும் காற்றின் சூட்டை அளந்தார், 13 டிகிரி. கேஸ் அளவும் சரி. பிறகு ஏணியில் நின்றபடியே சீலிங்கைத் தொட்டுவிட்டுச் சிரித்தார். “தம்பி, மிஷின் நல்லாத்தான் ஓடுது. மேல அடுப்பை மூட்டி வெச்சுட்டு கீழ விசிறிக்கிட்டு இருக்கீங்க.”

விஷயம் அதுதான். கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் சூடு உள்பக்கம் வந்து சேரவே சில மணி நேரம் பிடிக்கும். அதனால் வெளியே காற்று குளிர ஆரம்பிக்கும் நேரத்தில்தான் சீலிங் கொதிக்க ஆரம்பிக்கிறது. நாம் ஏசியைப் போடுவதும் அதே நேரத்தில்தான். அறைக் காற்றைக் குளிர்விப்பது ஏசிக்குப் பத்து நிமிட வேலை. தளத்தில் சேர்ந்திருக்கும் சூட்டை இறக்கத்தான் அது பாதி ராத்திரிவரை மல்லுக்கட்டுகிறது.

அந்த ஏப்ரலில், வெயிலைத் திருப்பி அனுப்பட்டும் என்று மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து மூன்று பூச்சு. நானும் ஒரு ஆளும் ஒரே நாளில் முடித்தோம். கையில் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் இருந்தது, அந்தத் துப்பாக்கி மாதிரி இருக்குமே, அது. அடிப்பதற்கு முன் இரவு ஒன்பது மணிக்கு சீலிங் 39 டிகிரி காட்டியது. அடித்து நாலு நாள் கழித்து அதே நேரத்தில், அதே மாதிரி வெயில் அடித்த நாளில் 35. நாலு டிகிரிதானே என்று தோன்றும். அதே 1 டன் ஏசி அன்று முக்கால் மணி நேரத்தில் 26க்கு வந்தது.

தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பகலில் மாடிக்குப் போனால் கண் கூசும். செருப்போடு போய்வந்தால் ஹால் முழுக்க வெள்ளைக் காலடி. அம்மா வடாம் காயவைக்க ஒரு பெட்ஷீட்டுக்கு இரண்டு பெட்ஷீட் விரிக்க வேண்டியதாயிற்று. ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும், அடுத்த பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு வைத்திருந்தால் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். வருஷா வருஷம் முடியாது என்றால் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிக்கலாம், கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம். செலவு பல மடங்கு, ஆனால் பல வருஷம் தாங்கும். அழுக்குப் படிந்து பழுப்பேறினால் பலன் குறையும் என்பதால் கோடைக்கு முன் ஒரு தடவை தேய்த்துக் கழுவ வேண்டும். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பதும் நல்ல வழிதான், மே மாதத்தில் தெருவே தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும்போது அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

சரி, டன் விஷயத்துக்கு வருவோம். டன் என்பது ஏசியின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ அந்த வேகம். மணிக்கு 12,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு), அதாவது சுமார் 3,500 வாட் சூட்டை அறையிலிருந்து வெளியே தள்ளும். ஐஸ்கட்டியை அளவுகோலாக வைத்த காலத்தின் மிச்சம் இது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று மெரினா எதிரில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

கடைகளில் 120 சதுர அடி வரை 1 டன், 180 வரை 1.5 டன் என்பார்கள். உங்கள் அறை 132. மேலே மாடி என்றதும் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு 1.5 எழுதிவிடுவார். மாடியை அப்படியே விட்டால் அவர் சொல்வதுதான் சரி. பெரிதாகவே வாங்கிவிடலாமே என்று மட்டும் போகாதீர்கள். சித்தப்பா மகன் வீட்டில் 100 சதுர அடி அறைக்கு 2 டன், அதுவும் இன்வெர்ட்டர் இல்லாதது (கரண்ட் போனால் உதவும் பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏசி வகை). ஐந்து நிமிடத்தில் குளிர்ந்து நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. குளிரும், ஆனால் உடம்பு பிசுபிசுவென்றே இருக்கும். இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு. எப்படியும் இன்வெர்ட்டர்தான் வாங்குங்கள்.

கரண்ட் சிக்கனத்தைக் காட்ட ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டாரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏமாற்றுவது யாரும் இல்லை, நாம் லேபிளை முழுதாகப் படிப்பதில்லை. ஸ்டாருக்குப் பக்கத்தில் எந்த வருஷத்து அட்டவணை என்று இருக்கும். அட்டவணையை அவ்வப்போது கடுமையாக்குவார்கள், 2022 ஜூலையில் அப்படி மாற்றியபோது பழைய 5 ஸ்டார் பலவும் 4 ஸ்டார் ஆயின. அதனால் ஸ்டாரை எண்ணாமல் ஐஎஸ்இஇஆர் எண்ணைப் பாருங்கள். செலவாகும் கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்று சொல்லும் எண் அது, அதிகமாக இருந்தால் நல்லது. அதன் கீழே வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். அது 1,600 மணி நேரம் ஓட்டினால் ஆகும் செலவு. உதாரணத்துக்கு ஒன்றில் 950, இன்னொன்றில் 750 என்று வைத்துக்கொள்வோம். இரவு 8 மணி நேரம் வீதம் 200 நாள் ஓட்டினால் 200 யூனிட் மிச்சம். ஆனால் நீங்கள் சித்திரை, வைகாசி, ஆனி என்று 90 நாள்தான் போடுவீர்கள் என்றால் 720 மணி நேரம், மிச்சம் 90 யூனிட்தான். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தாலும் 810 ரூபாய். 5 ஸ்டாருக்கு எட்டாயிரம் கூடுதலாகக் கொடுத்தால் அதை எடுக்கப் பத்து வருஷம். கோடையில் மட்டும் போடுகிற வீட்டுக்கு 3 ஸ்டார் போதும் என்பது என் கட்சி. வருஷம் முழுக்க ஓட்டுபவர், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் என்றால் 5 ஸ்டார்தான்.

யூனிட் விலையை ஏன் 9 என்று வைத்தேன் தெரியுமா? நம் ஊர் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு கணக்கு, தாண்டினால் மேல் யூனிட்டுகள் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல். ஃப்ரிட்ஜ், மோட்டார், ஃபேன் எல்லாம் சேர்ந்து கீழ்ப் படிகளைத் தின்றுவிடும், ஏசி ஓட்டும் யூனிட்தான் மேல் படிக்குப் போகும். 18ல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்பவர்களுக்கு இதைச் சொல்லி அலுத்துவிட்டது. 26ல் வைத்து ஃபேனை ஒன்றில் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மின்சாரச் சிக்கன அமைப்பே சொல்கிறது.

அப்பா சொல்லும் கூலரை நான் தள்ளிவிட மாட்டேன். வேளச்சேரியில் குடியிருந்தபோது ஒன்று வாங்கினேன். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் ஆவியாகவே மறுத்தது, அறைதான் புழுங்கியது. அதே கூலரைத் திருச்சிக்குக் கொண்டுவந்தேன். ஏப்ரல் மத்தியானத்தில் காற்று காய்ந்து கிடக்கும்போது அருமையாக வேலை செய்தது. கரண்ட் 200 வாட்டுக்குள்தான். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் கூலர் குளிரும். மூடிவிட்டால் அரை மணியில் உங்கள் அறையும் வேளச்சேரி. கொசுவலை அடித்த ஜன்னல் இருந்தால் ஹாலுக்கு வாங்குங்கள், பகலில் அப்பா உட்காரும் இடத்துக்கு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கூலருக்குள் தண்ணீரில் நனையும் பேட் சீக்கிரம் வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை தொட்டியை முழுதாகக் கொட்டிக் காயவிடாவிட்டால் டெங்கு கொசுவுக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

ஹாட் அண்ட் கோல்ட் உங்களுக்கு வேண்டாம். மார்கழியில்கூட திருச்சியில் ஜன்னலைச் சாத்தினால் போதும், அதற்கு ஹீட்டர் எதற்கு? அக்கா வீடு கோத்தகிரியில். அங்கே அந்த மாடல் அர்த்தமுள்ளது. முன்பு 2,000 வாட் ஆயில் ஹீட்டர் வைத்திருந்தார்கள், மணிக்கு 2 யூனிட். ஹாட் அண்ட் கோல்ட் ஏசி சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே இழுத்துவருகிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் அளவு சூடு தருகிறது. மலையில் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு மூட்டித் தூங்கும் பழக்கத்தை மட்டும் யாரும் செய்யாதீர்கள், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

பொருத்த வருபவரிடம் இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். செம்புக் குழாயைப் பூட்டியதும் வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். “கேஸைக் கொஞ்சம் விட்டாலே காத்து போயிடும் சார்” என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்தது அவுட்டோர் யூனிட். என்னுடையதை முதலில் மேற்குப் பார்த்து மாட்டிவிட்டார்கள், மூன்று மணி வெயில் நேராக அதன் முகத்தில். இப்போது வடக்குச் சுவரில் இருக்கிறது. வயரிங் பழையது என்றால் எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள்.

ஆக உங்கள் அறைக்கு, மாடிக்குச் சுண்ணாம்போ டைல்ஸோ போடுவதாக இருந்தால் 1 டன், 3 ஸ்டார், இன்வெர்ட்டர். வாடகை வீடு, மாடியில் கைவைக்க ஓனர் விடமாட்டார் என்றால் 1.5 டன். அப்புறம், அறையின் மேற்குச் சுவர் வெளிச்சுவரா, அதில் ஜன்னல் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் நான் 1 டன் என்று சொன்னது மாறும், கமெண்டில் எழுதுங்கள்.