நிபந்தனைகளின் வரிசை

கேள்வி: லீப் ஆண்டைக் கண்டறியப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதினேன். ஆண்டு 4-ஆல் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டு என்று ‘இஃப்’ வரியிலும், 100-ஆல் வகுபட்டால் அல்ல என்று அடுத்த ‘எலிஃப்’ வரியிலும், 400-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு என்று அதற்கடுத்த ‘எலிஃப்’ வரியிலும், எதிலும் சேராவிட்டால் அல்ல என்று ‘எல்ஸ்’ பகுதியிலும் எழுதியுள்ளேன். 2023, 2024 ஆகியவற்றுக்குச் சரியான விடை வருகிறது. 1900-ஐயோ லீப் ஆண்டு என்கிறது. பிழைச் செய்தியும் இல்லை. தவறு எங்கே?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: விதிகள் மூன்றும் சரியானவையே; அவற்றை அடுக்கிய வரிசைதான் தவறு. இஃப்–எலிஃப் தொடரைப் பைத்தான் மேலிருந்து கீழாகச் சோதித்து, எந்த நிபந்தனை முதலில் உண்மையாகிறதோ அதன்கீழ் உள்ள வரிகளை மட்டும் இயக்கிவிட்டு, மிச்சமுள்ளவற்றைச் சோதிக்காமலேயே தொடரைவிட்டு வெளியேறிவிடும். 100-ஆல் வகுபடும் எந்த எண்ணும் 4-ஆலும் வகுபடும் என்பதால் 1900 முதல் வரியிலேயே பிடிபட்டுவிடுகிறது. உங்கள் எலிஃப் வரிகள் இரண்டும் எந்த ஆண்டுக்கும் இயங்கப்போவதில்லை. மொழியின் இலக்கணப்படி நிரலில் குற்றமில்லாததால் பிழைச் செய்தி வருவதில்லை. 2000-ஐக் கொடுத்தாலும் விடை சரியாகவே வரும், ஆனால் 400-க்கான கிளையின் வழியாக அல்ல, 4-க்கான முதல் கிளையின் வழியாக. 1901 முதல் 2099 வரை எந்த ஆண்டைக் கொடுத்தும் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே, மிகச் சில ஆண்டுகளுக்கே பொருந்தும் நிபந்தனையை மேலே வையுங்கள்: முதலில் 400, அடுத்து 100, அதன்பின் 4, கடைசியில் எல்ஸ்.

எலிஃபை விட்டுவிட்டு மூன்றையும் தனித்தனி இஃப்களாக எழுதினால் கதை மாறும். அப்போது ஒவ்வொன்றும் சோதிக்கப்படுவதால், விடையை ஒரு மாறியில் வைத்து, தொடக்கத்தில் ‘இல்லை’ எனக் குறித்துக்கொண்டால், உங்களுடைய பழைய வரிசையே சரியாக வேலை செய்யும். பின்னால் வரும் இஃப் முன்னதன் விடையைத் திருத்திவிடும். விடையை மாறியில் வைக்காமல் ஒவ்வொரு இஃபிலும் அச்சிட்டீர்களானால், 2000-க்கு ஒன்றோடொன்று முரண்படும் மூன்று வரிகள் திரையில் வரும்.

இதே 1900-ஐ லீப் ஆண்டாகக் கொண்ட மென்பொருள்கூட உண்டு. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் அவ்வாறு கணக்கிட்டது. அதனோடு ஒத்துப்போவதற்காக எக்ஸெலும் தெரிந்தே அதை ஏற்றுக்கொண்டதால், 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாள் எக்ஸெலில் இன்றும் இருக்கிறது.

திருத்திய நிரலை 1900, 2000, 2023, 2024 ஆகிய நான்கையும் கொடுத்துச் சோதியுங்கள். நான்கும் நான்கு வெவ்வேறு கிளைகளில் போய் நிற்க வேண்டும்.