வேலை கையில் இருக்கும்போது கேட் தேர்வு எழுதலாமா?

கேள்வி: சிவில் இன்ஜினீயரிங் இறுதி ஆண்டில் இருக்கிறேன். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. எனக்கு எம்.டெக். படிக்க ஆசை. 'வந்த வேலையை விடாதே' என்கிறார் அப்பா. அதற்கான நுழைவுத் தேர்வான கேட் எழுதுவதா, வேண்டாமா?

பதில்: எழுதுங்கள். வேலையிலும் சேருங்கள்.

நீங்கள் இரண்டு முடிவுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். தேர்வு எழுதுவது ஒன்று. அதற்காக வேலையை விட்டு ஒரு வருடம் வீட்டில் உட்காருவது வேறொன்று. அப்பாவுக்கு இருக்கும் பயம் இரண்டாவதைப் பற்றியது, அது நியாயமான பயம். முதலாவதற்கு ஆகும் செலவு விண்ணப்பக் கட்டணமும், பிப்ரவரியில் மூன்று மணி நேரமும், அதற்கு முந்தைய சில மாத மாலைப்பொழுதுகளும்தான். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணத்தில் பாதிதான். கேட் மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். வருகிற பிப்ரவரியில் எழுதிவிட்டு வேலைக்குப் போங்கள். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அதே மதிப்பெண்ணை வைத்து எம்.டெக்.குக்கு விண்ணப்பிக்கலாம். இதை அப்பாவிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். கேட் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவன வேலைகளுக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே பெரும்பாலும் அந்தந்த ஆண்டின் மதிப்பெண்ணையே கேட்கிறார்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி, இந்தப் பாடம் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பது. யாரிடமும் ஆலோசனை கேட்பதற்கு முன்னால் முந்தைய ஆண்டு சிவில் வினாத்தாள் ஒன்றை இறக்கி, அலைபேசியை அணைத்துவிட்டு மூன்று மணி நேரம் உட்காருங்கள். 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறனுக்கு, 13 கணிதத்துக்கு, மீதி 72 உங்கள் துறைப் பாடத்துக்கு. சரியான விடை ஒன்று மட்டுமே உள்ள கேள்விகளில் தவறு செய்தால் மதிப்பெண் குறையும். எண்ணைக் கணக்கிட்டுத் தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளில் குறையாது, ஆனால் அங்கே ஊகம் உதவாது. கால்குலேட்டர்கூடத் திரையில் வருவதுதான், மவுஸால் ஒவ்வொரு எண்ணாக அழுத்த வேண்டும்.

முதல் முறை எவ்வளவு வாங்கினீர்கள் என்பதை நான் கேட்கமாட்டேன், குறைவாகத்தான் வரும். எந்தக் கேள்விகளை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை என்பதைத்தான் கேட்பேன். விடை தப்பு என்று தெரிந்ததும் புத்தகத்தைத் தேடிப் போனீர்கள் என்றால் எம்.டெக். உங்களுக்கான இடம். எல்லாக் கேள்வியும் பாரமாகவே இருந்தால், நான்கு வருடம் பிடிக்காமல் படித்ததை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்காதீர்கள்.

எனக்கு அந்தத் தெளிவு வேலையில்தான் கிடைத்தது. பட்டம் முடித்ததும் சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டுமானத்தில் சைட் இன்ஜினீயராகச் சேர்ந்தேன். சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண். மண் பரிசோதனை அறிக்கையில் மேல் மீட்டர்களின் 'என்' மதிப்பு, அதாவது மண்ணின் உறுதியைக் காட்டும் எண், இரண்டு, மூன்று என்று மிகக் குறைவாகவே இருந்தது. மாலையில் வெட்டிய குழியின் சுவர் காலையில் சரிந்து கிடக்கும், அடியில் தண்ணீர் ஊறி நிற்கும். பைலை, அதாவது கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் தூணை, எத்தனை மீட்டர் இறக்குவது என்று வரைபடம் சொன்னது. ஏன் அத்தனை மீட்டர் என்று கேட்டபோது சைட்டில் ஒருவரிடமும் பதில் இல்லை. இரவில் அறைக்கு வந்து மண் இயக்கவியல் புத்தகத்தைத் திறந்தேன். கல்லூரியில் பரீட்சைக்காக மட்டும் படித்த அதே பக்கங்கள் இப்போது அந்தக் குழியைப் பற்றிப் பேசின. கேட் தயாரிப்பு அங்கிருந்துதான் தொடங்கியது, அஸ்திவாரப் பொறியியலில் எம்.டெக். படித்ததும் அதனால்தான்.

ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். கேட் தேர்வில் தகுதி பெறுவதும் இடம் கிடைப்பதும் ஒன்றல்ல. தகுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நிறைய, ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்கள் கொஞ்சம். ஆகவே எந்தப் பிரிவு, எந்த நிறுவனம், போன வருடம் அங்கே எந்த மதிப்பெண் வரை சேர்த்தார்கள் என்று பார்த்துவிட்டு இலக்கு வையுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.டெக்.குக்கு இணையான எம்.இ. சேர சீட்டா பி.ஜி. என்ற தனித் தேர்வும் இருக்கிறது, கேட் மதிப்பெண்ணோடும் அங்கே விண்ணப்பிக்கலாம்.

கேட் வழியாகச் சேரும் முழுநேர எம்.டெக். மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. விடுதிச் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் வீட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை, ஆனால் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. கல்விக் கடன் இருந்தால் மேற்படிப்புக் காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைப்பார்களா என்று உங்கள் வங்கிக் கிளையில் இப்போதே கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பதில் பாதகமாக இருந்தால் முதலில் வேலைக்குப் போய்க் கடனைக் குறையுங்கள். மதிப்பெண் 3 ஆண்டு காத்திருக்கும்.

விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் இறுதியில் தொடங்குகிறது. தேர்வு மையத்துக்கு உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நகரத்தை முதல் விருப்பமாகக் கொடுங்கள், தேர்வுக்கு முந்தைய இரவு பஸ்ஸில் கழியக் கூடாது.