விப்லாஷும் ஒரு கைதட்டலும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

தம்பி சொன்னானென்று 'விப்லாஷ்' படம் பார்த்தேன். மாணவன்மீது நாற்காலியை வீசி, கன்னத்தில் அறைந்து, குடும்பத்தை இழுத்துத் திட்டும் அந்த வாத்தியாரைப் பார்த்துக் கொதித்துப்போனேன். ஆனால் கடைசி டிரம்ஸ் வாசிப்பில் என்னை அறியாமலே கைதட்டிவிட்டேன். நானும் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவள். அடித்தால்தான் திறமை வரும் என்கிறதா இந்தப் படம்?

– ஒரு வாசகி, தலவாக்கலை

அன்புள்ள டீச்சர்,

நானும் கைதட்டினேன். இயக்குநர் டேமியன் சசேல் பள்ளிக்கூடத்தில் டிரம்ஸ் வாசித்தவர், கண்டிப்பான வாத்தியாருக்குப் பயந்தே வாசித்தவர். படத்துக்குப் பிறகு அந்தப் பையன் என்ன ஆவான் என்று கேட்டதற்கு, உள்ளே ஒன்றுமில்லாதவனாகி முப்பதுகளிலேயே போதையில் செத்துப்போவான் என்றார். அவர் மனதில் இருந்தது அது. நம் காதில் விழுந்ததோ வெற்றி முழக்கம். தாளம் அப்படி ஏறும்போது நியாயம் பேச யாருக்கு நேரம்?

அந்த வாத்தியார் பிளெட்சராக வந்த ஜே.கே. சிம்மன்ஸுக்கு 2015இல் ஆஸ்கர் கிடைத்தது. அந்த ஆளை ரசிக்கும்படி காட்டியதைக் குறையென்று சொல்லமாட்டேன். ஒரு கவர்ச்சி இல்லாமலா பிள்ளைகள் இப்படிப்பட்டவர்களிடம் போய் நிற்கிறார்கள்?

டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் தலையை நோக்கி சிம்பலை, அதாவது டிரம்ஸின் உலோகத் தட்டை, எறிந்ததால்தான் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் மேதையானார் என்று பிளெட்சர் திரும்பத் திரும்பச் சொல்வார். அது காலடியில் விழுந்ததாகத்தான் பழைய கதை. தரையில் விழுந்த தட்டு இவர் வாயில் தலைக்கு ஏறிவிட்டது.

எனக்கு உறுத்துவது வேறு. பிளெட்சரிடம் படித்த ஷான் கேசி என்பவன் இறந்துபோகிறான். கார் விபத்து என்று கண்ணீரோடு சொல்கிறார். தற்கொலை என்பது பிறகுதான் தெரிகிறது. அவனுக்குப் படத்தில் முகமே இல்லை. ஒரு பெயர், அவன் வாசித்த ஓர் ஒலிப்பதிவு, அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்தில் ஸ்கொலர்ஷிப் வகுப்பு எடுத்த சேர், தேயிலை கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறுக் குச்சி எடுத்துவரச் சொல்வார். கொண்டுபோனவனுக்கே முதல் அடி. இரண்டு பேர் பாஸானோம். அவர் ஓய்வுபெற்ற பாராட்டு விழாவில் நான் மைக்கைப் பிடித்து, "அந்த அடி இல்லையென்றால் இன்று மம்பட்டியோடு மலையில் நின்றிருப்பேன்" என்றேன். மண்டபமே கைதட்டியது. (காலமெல்லாம் மம்பட்டி பிடித்த அப்பா முன்வரிசையில் இருந்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.)

எங்கள் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரன் இன்னொருவன். அடி தாங்காமல் நாலு மாதத்தில் நின்றுவிட்டான், அப்புறம் கொழும்பில் கடை வேலைக்குப் போனான். விழாவுக்கு அவனைக் கூப்பிட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடிக்குச் சாட்சி சொல்லத் தேறியவர்கள் மட்டும்தான் வருகிறோம், படத்திலும் அப்படித்தான். பிளெட்சரைப் படம் திட்டியிருக்க வேண்டியதில்லை. கேசியின் பக்கம் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் போதும். அப்போதும் கைதட்டியிருப்போம், கொஞ்சம் கை கூசியிருக்கும்.

போன தீபாவளிக்கு அந்தக் கணக்குக் கெட்டிக்காரனை அட்டன் பஸ் ஸ்டாண்டில் கண்டேன். இரண்டு கையிலும் பெரிய பை. "சேர் சுகமா இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்டான்.